என் அரைநாணை இறுக்கிய கை

அம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, என் இடுப்பில் கட்டியிருந்த அரைநாண் கயிறு தானாக இறுகத் தொடங்கியது.

மாசியில் முடிச்சைத் தளர்த்திக் கட்டினேன். வைகாசியில் மறுபடி இறுகிவிட்டது. தோலில் கறுத்த வரி விழுந்தது. நிறை பார்த்தேன். ஐம்பத்தாறு கிலோ. கலியாணம் கட்டிய நாளில் இருந்த அதே நிறை. கையும் காலும் குச்சி. அப்படியானால் கயிற்றை இறுக்குவது யார்?

அதே வரியை முன்பும் ஒருமுறை கண்டிருந்தேன். என்னைப் போலவே மெலிந்தவர் என் அண்ணை. மூன்று வருடத்துக்கு முன் இறுப்பிட்டி வீட்டில், கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். குளிப்பாட்டும்போது அவருடைய அரைநாணை அறுத்தவன் நான். கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. அடியில் கறுத்த வளையம்.

அடுத்தது நான்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

“ஆரோ செய்வினை செய்துபோட்டாங்களப்பா,” என்றேன் மனைவியிடம்.

“காத்தடிச்சாப் பறக்கிற ஆளுக்கு ஆர் மினக்கெட்டுச் செய்வினை செய்யப் போறாங்கள்?” என்று சிரித்தாள். பிறகு அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. “நயினாதீவு அம்மனிட்டப் போவம்,” என்றாள்.

ஆனித் திருவிழா. சந்நிதியில் விழுந்து அழுதேன். “தாயே, என்னை இறுக்கிறது ஆர் எண்டு காட்டு.”

வெளியே வந்தால் பந்தலின் கீழ் மருத்துவ முகாம். சட்டையில்லாமல் வந்த என்னை, அளவு நாடாவோடு நின்ற தாதி ஒருத்தி கூப்பிட்டாள்.

“எனக்கேன் பிள்ளை? நான் காய்ஞ்ச ஆள்.”

“அதுக்குத்தான் கூப்பிட்டனான். வாங்கோ ஐயா.”

நாடாவைச் சுற்றினாள். அது அந்தக் கறுத்த வரியின் மேலேயே போய்ப் படிந்தது. பிறஷரும் இரத்தத்தில் சீனியும் பார்த்தாள். இரண்டும் கூடுதலாக இருந்தன. செய்வினைக் கதையைச் சொன்னேன்.

“வெளியில இருந்து ஆரும் இறுக்கேல்லை ஐயா. நீங்கள்தான் உள்ளுக்கு இருந்து தள்ளுறியள். கை கால் தசை கரைஞ்சு, வயித்துக்குள்ள கொழுப்பு ஏறியிருக்கு. அதாலதான் நிறை மாறேல்லை. மெலிஞ்ச ஆக்களுக்கும் மாரடைப்பு வரும்.”

உண்மைதான். மகன் வெளிநாடு போனபின் தோட்டத்தை விட்டுவிட்டுக் கதிரையே கதியென்று இருந்தேன். சாப்பாட்டுக் கோப்பை குவியச் சோறு. தேத்தண்ணீருக்கு மூன்று கரண்டி சீனி.

இப்போது மருந்து எடுக்கிறேன். மண்வெட்டியைத் திரும்பத் தூக்கிவிட்டேன். கயிற்றை மாற்றவில்லை, அதே முடிச்சுத்தான். இன்று கயிற்றுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு விரல் போகிறது. காலையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அம்மனைக் கும்பிடுகிறேன்.

அண்ணைக்கும் அந்தக் கறுத்த வரியை அவள் காட்டியிருக்கிறாள். அது ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மெலிந்த சொந்தங்களே, அரைநாண் இறுகினால் முடிச்சைத் தளர்த்திவிட்டுச் சும்மா இராதீர்கள். தாயிடம் கேளுங்கள். அவள் நாடாவோடு ஒருத்தியை அனுப்புவாள். அப்போது வெட்கப்படாமல் போய் நில்லுங்கள்.