சும்மா இராத கால்

என் மகளுக்கு வலிப்பு என்றே வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவளுக்கு எட்டு வயது. ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. ஏடிஹெச்டி என்று பாண்டிச்சேரி டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒரு மாதமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மஃரிப் தொழுகை முடிந்து வீடு அடங்கினால் போதும், காலை உதறுவாள், பாயில் தேய்ப்பாள், எழுந்து நடப்பாள். என் மனைவி ஒருநாள் கடைச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து, இறுக்கிப் பிடி என்று அழுதாள். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை சாவிக்கொத்தோடு நடந்தாள். மறுநாள் கடை திறக்க அதைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அது வலிப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கும் சாயங்காலமானால் முழங்காலுக்குக் கீழே ஏதோ ஊறும். அசைத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று என் அத்தா தொடையில் வைத்த அடிகளில், வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். துபாயில் வேலை பார்த்த காலத்தில், அடுக்குக் கட்டில் ஆடுகிறது என்று மேலே படுத்தவன் சண்டைக்கு வந்தபோது, முதுகுவலி என்று சொல்லித் தரையில் படுத்தேன். மனைவிக்கும் அதே முதுகுவலிக் கதைதான். முப்பது வருஷமாக என்னை விடாதது பிள்ளையையும் பிடித்துக்கொண்டதோ என்பதுதான் என் பயம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மூவரும் பாண்டிச்சேரி பஸ் ஏறினோம். வழியில் உப்பளங்களைத் தாண்டும்வரை மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நானும் எழுந்தேன். பஸ்ஸில் பாதி சீட் காலி. உட்கார்ந்து வந்தால் என்ன என்று கண்டக்டர் சலித்துக்கொண்டார். முதுகுவலி என்றேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். வலிப்பு மாதிரி தெரியவில்லை, இது காலில் வரும் ஒரு தொந்தரவு, ஏடிஹெச்டி இருக்கிற பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிறோம், ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்த்துவிடலாம், வைத்தியம் இருக்கிறது என்றார். மனைவி பெருமூச்சு விட்டாள். அப்புறம் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்குதா?"

"இல்லீங்க," என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

எப்போதிலிருந்து இப்படி என்று மகளிடம் கேட்டார். போன நோன்பிலிருந்து என்றாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று மனைவி பதறினாள். மகள் நாற்காலிக்கு அடியில் ஒரு காலை இன்னொரு காலால் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் செய்வதும் அப்படியேதான்.

"அத்தாவுக்கும்தான் இருக்குது. அவங்க யார்கிட்டயும் சொல்றதே இல்ல. சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன்."

அதுவரை நான் பயந்ததெல்லாம் அவள் காலை நினைத்துத்தான். என்னைப் பார்த்து ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாளே, அதை நினைத்தே பார்க்கவில்லை. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குதுங்க டாக்டர்," என்றேன். "சின்ன வயசுலேர்ந்து."

மகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, அந்தச் சின்ன அறையில், எங்கள் எல்லோர் முன்னாலும் நடக்க ஆரம்பித்தாள்.