டிஸ்பென்சர் செல்லத்துரையின் கவிழ்த்த கிளாஸ்

ஓப்பநாயக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்த செல்லத்துரைக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கோயிலில் சாமியாடியவர்களுக்குச் சத்துக் குளிசை கொடுத்து அனுப்பியவர். ஓய்வு பெற்ற பிறகு பௌர்ணமிப் போயா நாள்களில் செத்தவர்களோடு பேசத் தொடங்கினார். அது ஆவியியல், விஞ்ஞானம் என்பார்.

உடம்புதான் அழியும், ஆவி பிறவிக்குப் பிறவி திருந்திக்கொண்டே போகும். நரகம் இல்லை, சாதியும் இல்லை. நல்ல ஆவி புத்தி சொல்லும், கெட்டது பகிடி பண்ணி ஏய்க்கும். முதலில் பிரார்த்தனை. பிறகு மேசையில் வட்டமாகத் தமிழ் எழுத்து அட்டைகள், நடுவில் கவிழ்த்த கிளாஸ், அதன்மேல் ஆளுக்கொரு விரல். கிளாஸ் எழுத்தெழுத்தாக நகர்ந்து பதில் சொல்லும். செத்தவர் மட்டுமே வருவார்.

2008இல், தொழிலாளர் லயத்திலிருந்து கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மா வந்தது அந்தக் கடைசி விதிக்காக. கொழும்புக் கடையில் வேலை செய்த மகன் சதீஸை யாரோ வேனில் ஏற்றிப்போய் மாதக்கணக்காகிவிட்டது. மற்றவர்கள் ஆவி வரவேண்டுமென்று வருவார்கள். அவள், மகனின் ஆவி வரக்கூடாதென்று வந்தாள்.

செல்லத்துரையும் மனைவி சீதாலட்சுமியும் அவளும் விரல் வைத்தார்கள். சதீஸின் பெயரைச் சொன்னதும் கிளாஸ் நகர்ந்தது. எந்த எழுத்திலும் நிற்காமல், வழி தெரியாதவன் போலச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஏதோ பகிடிக்கார ஆவி என்றார் செல்லத்துரை. சீதாலட்சுமி மட்டும் பையன் எங்கே படித்தான் என்று விசாரித்தாள்.

“டவுன்ல சிங்கள ஸ்கூல்லங்க. தமிழ் எழுத்து ஒண்ணும் தெரியாதுங்க.”

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்னவென்று வெள்ளையம்மாவுக்கு உறைத்தது.

செல்லத்துரைக்குப் பிழை பிடிபட்ட மகிழ்ச்சி. அடுத்த போயாவுக்குள் சிங்கள எழுத்துகளை அழகாக வெட்டி அடுக்கி, அவளுக்கு ஆளனுப்பினார். வந்தவள் மேசையைப் பார்த்தாள், உட்காரவில்லை.

“தாகமா இருக்குங்க ஐயா. அந்தக் கிளாஸ்லயே தண்ணி குடுங்க.”

“அது ஆவிக்கு வச்சதும்மா.”

“எம் மவன் வேலைக்குத்தானுங்க போயிருக்கான். வந்தா லயத்துலயே பேசிக்கிறேன்.”

தானே எடுத்து, குடத்துத் தண்ணீரை மொண்டு, வாய் வைத்துக் குடித்து, நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். லயத்து ஆள் வாய் வைத்த கிளாஸ் ஸ்டாஃப் வீட்டு மேசைக்குத் திரும்பாது என்பது அவளுக்குத் தெரியும். ஆவிகளுக்குச் சாதியில்லை என்ற செல்லத்துரையும் அதைக் கொண்டுபோய்ப் பின்புறக் கல்லில், நிமிர்ந்தபடியே வைத்தார்.

மறுநாள் காலையில் அது கவிழ்ந்திருந்தது. கவிழ்த்தது யாரென்று அவர் மனைவியிடம் கேட்கவில்லை. ‘நானில்லை’ என்று அவள் சொல்லிவிடக்கூடும்.