அப்பாவின் ஞாபகார்த்தக் காதுக்கருவி

எங்கள் ஊரில் செத்தவர்கள் சும்மா இருப்பதில்லை. பேருந்துத் தரிப்பிடத்தில் நிழல் தருவார்கள், கோயிலில் மின்விசிறியாகச் சுற்றுவார்கள், சுடலையில் ஆட்கள் குந்துகிற வாங்காகக் கிடப்பார்கள். எல்லாவற்றிலும் பெயரும் "ஞாபகார்த்தமாக" என்ற சொல்லும் எழுதியிருக்கும். ரொறன்ரோவிலிருக்கும் என் அண்ணை, எங்கள் அப்பாவை ஒரு மருத்துவக் கருவியாக்கத் தீர்மானித்தார்.

கையடக்கமான சாமான். பிடி ஒன்று, தலை இரண்டு. ஒரு தலையைப் பூட்டினால் காதுக்குள் பார்க்கலாம், மற்றதைப் பூட்டினால் கண்ணுக்குள். உடுவிலில் எங்கள் சனசமூக நிலையத்துக்குக் கிழமைக்கொருநாள் வந்து இலவசமாக வைத்தியம் பார்க்கும் வயதான டொக்டருக்கென்று அனுப்பியிருந்தார். பிடியில் அப்பாவின் பெயர். தை மாதம் வந்து சேர்ந்ததை நிலையத் தலைவர் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணை வருவார், நாடா வெட்டுவார், அதன் பிறகுதான் காதும் கண்ணும்.

வைகாசியில் அம்மாவுக்கு இடது காது நோகத் தொடங்கியது. டொக்டர் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அழுக்காக இருக்கலாம் என்று துளிமருந்து எழுதிவிட்டு அலுமாரியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அப்பாவும் உள்ளேயிருந்து பார்த்திருப்பார்.

தலைவரிடம் அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கேட்டேன். தந்தவர் வரமுதல் எடுத்தால் அவருக்கு என்ன மரியாதை என்றார். தந்தவரின் தாய்க்குத்தான் என்றேன். அப்படியென்றால் கட்டாயம் பொறுக்கத்தான் வேண்டுமாம். பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்று அம்மாவைக் கெஞ்சினேன்.

"என்ரை பிள்ளை வாங்கித் தந்த சாமான் இஞ்சை இருக்க, நான் ஏன் அங்கை போய் வரிசையிலை நிக்கவேணும்?"

அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன். மனிதர் பூரித்துப் போனார். அம்மாவையே முதல் நோயாளியாக இருத்தினால் படம் எவ்வளவு வடிவாக வரும் என்றார். அதுவரைக்கும் காதைக் கெடாமல் வைத்திருங்கள் என்று சொல்லாததுதான் குறை. எனக்கு வந்த கோபத்துக்கு அலுமாரியைக் கல்லால் உடைத்திருப்பேன். ஒருநாள் அம்மாவின் காதால் சீழ் வடிந்து நோவு நின்றது. துளிமருந்து நல்ல மருந்து என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆவணியில் விழா நடந்தது. விளக்கேற்றினார்கள், பொன்னாடை போர்த்தார்கள், உரைகள் ஆற்றினார்கள், நாடாவும் வெட்டுப்பட்டது. பட்டுச்சேலையோடு அம்மா மேடையில் இருந்தார். டொக்டர் கருவியில் காதுத் தலையைப் பூட்டி இடது காதுக்குள் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"செவிப்பறை முக்கால்வாசி கிழிஞ்சு போச்சுது, பிள்ளை. வைகாசியிலையே இதாலை பார்த்திருந்தால் காப்பாத்தியிருக்கலாம்."

படம் அண்ணை நினைத்ததைவிட வடிவாக வந்தது. சனம் கைதட்டிக்கொண்டிருக்க, அவர் அம்மாவின் இடப்பக்கம் குனிந்து, "சந்தோசமே அம்மா?" என்று கேட்டார். அம்மா திரும்பவில்லை, கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அண்ணை அதே காதில் இன்னொருதரம் கேட்டார்.