பாங்கு சொல்லும் வரை கடத்தல்காரி

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. செங்கல்பட்டிலிருந்து மாமா பிள்ளைகள் கோவளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார்கள். நான் ஏழாவது முடித்திருந்தேன். "வர்ற வருஷம் நீ பெரியவ, தெருவுல ஆட்டம் எல்லாம் கெடையாது" என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அந்த விடுமுறையில் ஒரு நாளைக்கூட வீணாக்குவதில்லை என்று வெறியோடு இருந்தேன்.

இன்றைக்கு எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மகள் வாங்கிக் கொடுத்த போனில், முகம் தெரியாத ஆட்களோடு சேர்ந்து ஆன்லைனில் வாள் சண்டை போடுகிறேன். இந்த வயதில் இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். பல பேர் சேர்ந்து ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடுவதைக் கம்ப்யூட்டர்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

எங்கள் ஆட்டத்துக்குப் பெயர் கஸ்டம்ஸ். எங்கள் கடற்கரையில் வெளிநாட்டுச் சாமான் இறங்குவதாக அந்தக் காலத்தில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு. பெரியவர்கள் குசுகுசுத்ததை எல்லாம் நாங்கள் ஆட்டமாக்கிக்கொண்டோம். காலையில் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். கடத்தல்காரன், ஆபீசர், படகுக்காரன், துப்பு சொல்பவன் என்று யாருக்கு எது வருகிறதோ, பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை அவர் அந்த ஆள்தான். சோறு தின்னும்போதுகூட வேஷம் கலையக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து வந்த வாசனை சோப்பு ஒன்றுதான் எங்கள் தங்கக் கட்டி. கடத்தல்காரன் அதை ஒளித்துவைப்பான். பாங்குக்கு முன்னால் ஆளையும் பிடித்து, சோப்பையும் எடுத்தால் ஆபீசர் ஜெயித்தார்.

'அம்பேல்' சொன்னால் எந்த ஆட்டமும் கொஞ்ச நேரம் நிற்கும் அல்லவா? எங்கள் ஆட்டத்தில் அது கிடையாது. பிடிபடும் நேரம் பார்த்துச் சின்னதுகள் அம்பேல் சொல்லி உயிரை வாங்கியதால், அதை ஒழித்துக் கட்டியிருந்தோம்.

அன்றைக்குக் கடத்தல்காரன் சீட்டு எனக்கு வந்தது. ஆபீசர் சீட்டு மாமாவின் மூத்த மகனுக்கு, என்னைவிட ஒரு வயது பெரிய மச்சானுக்கு. காலையிலேயே பள்ளிவாசல் சுவருக்குப் பின்னால் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். நான் விடுவேனா? பாம்பு கடித்துவிட்டது என்று அலறி, கீழே விழுந்து, வாயில் எச்சிலை நுரையாக்கிக் காட்டினேன். அவன் வெளிறிப்போய் ஆள் கூப்பிட ஓடினான். திரும்பி வந்தபோது நான் இல்லை. மத்தியானம் சோற்றில் உட்கார்ந்த எல்லோரும் அவனைக் கேலி செய்து தீர்த்தார்கள். அவன் தலை நிமிராமல் தின்றான்.

சாயங்காலம் சவுக்குத் தோப்புக்குள் ஓடினேன். சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் மொள்ள மணலில் பெரிய குழிகள் தோண்டியிருப்பார்கள். வற்றிப்போய்க் கிடந்த ஒரு குழிக்குள் குதித்து, ஒரு பக்கச் சரிவின் அடியில் ஒண்டிக்கொண்டேன். பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது முதுகுக்குப் பின்னால் இருந்த மணல் சத்தமே இல்லாமல் இறங்கியது.

கண்ணைத் திறந்தபோது இடுப்பு வரை மூடியிருந்தது. உதறி எழலாம் என்று திமிறினேன். மறுபக்கமும் சரிந்து மார்பு வரை வந்தது. ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டது. மூச்சை வெளியே விட்டால், அந்த இடத்தை மணல் பிடித்துக்கொள்கிறது. திரும்ப இழுக்க முடியவில்லை. செத்துப்போவேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மேலே காலடிச் சத்தம். மச்சான் குழி விளிம்பில் வந்து நின்றான். அவன் மிதித்த மிதியில் இன்னும் கொஞ்சம் மணல் கொட்டியது.

"மச்சான், என்னால மூச்சு வுட முடியல. யாரையாவது இட்டுக்கினு வா."

அவன் சிரித்தான். "இன்னா, காலைல பாம்பு கட்ச்சிது, இப்ப மண்ணு கட்ச்சிதா?"

"அம்பேல், மச்சான். அம்பேல்."

"அதெல்லாம் கெடையாதுன்னு சொன்னதே நீதான்."

அவன் மேல் என்ன தப்பு? கடற்கரையில் ஒருவரை ஒருவர் கழுத்து வரை மணலில் புதைத்து விளையாடுவோம். செங்கல்பட்டு ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்குச் சரிகிற மணல் என்ன செய்யும் என்று எப்படித் தெரியும்? அவன் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். பாங்கு சொல்லும் வரை என்னைக் காவல் காக்கப் போகிறானாம். அழுதேன். அழுவதிலும் நான் கெட்டிக்காரி என்று அவனுக்குத் தெரியும். நிஜமான அழுகைக்கு என்னிடம் வேறு முகம் இல்லை.

மணல் கழுத்தெலும்பைத் தொட்டது. ஒரு கடத்தல்காரன் எதைச் செய்யவே மாட்டானோ, அதைச் செய்தேன்.

"சோப்பு... கரையில கவுத்துப் போட்ட ஓட்டப் படகுக்கு அடியில கீது. தலைமாட்டுல. போய் எட்த்துக்க."

அவன் எழுந்தான். என்னைப் பார்த்தான், கரைப் பக்கம் பார்த்தான். "நான் அங்க போனா நீ எய்ந்து ஓடிடுவ" என்றான். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு ஓடினான்.

அவன் போன பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சோப்பை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய், ஜெயித்துவிட்டேன் என்று கூத்தாடினால்? மாட்டாத கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, சின்னச் சின்னதாக மூச்சு வாங்கினேன். சவுக்கு மரங்கள் மேலே ஆடுவது தெரிந்தது. கடல் இரைச்சல் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் உம்மென்று உட்கார்ந்து தின்ற அவன் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அல்லாவைக் கூப்பிட்டேன், அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாம் மனதுக்குள்தான்.

பிறகு பல கால்கள் ஓடிவரும் சத்தம். ஒரு முரட்டுக் குரல் அதட்டியது. "அல்லாரும் தள்ளி நில்லுங்கடா. ஓரத்த மிதிச்சா மண்ணு எறங்கும்." படகுக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள். பலகைகளைச் சரிவில் சாய்த்துப் போட்டு, ஒருவர் அதன் மேல் குப்புறப் படுத்து என் முகத்துக்கு நேரே வந்தார். "கம்முனு இரு தாயி. அசையாத. நாங்க வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் மணலை வாரினார். மார்பு வெளியே வந்ததும் நான் இழுத்த முதல் மூச்சை இன்றைக்கும் மறக்கவில்லை. அக்குளில் கயிறு கட்டி மெல்லத் தூக்கினார்கள். பாங்கு சொன்னது அப்போதுதான். ஆட்டம் முடிந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மச்சான் ஒரு மரத்தடியில் நின்றான். கையில் சோப்பு நசுங்கிப் போயிருந்தது. எப்படி நம்பினாய் என்று வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"சோப்பு மெய்யாலுமே அங்க இருந்திச்சே. உயிரு இருக்கற வரைக்கும் நீ அத வுட்டுக் குடுக்க மாட்ட. அதான் வலை பின்றவங்க கால்ல போய் வுயுந்தேன்" என்றான்.

போன மாதம் ஆன்லைனில் கடும் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் கட்சிப் பையன் ஒருவன் மைக்கில் "ஐயோ, நெஞ்சு வலிக்குது" என்று முனகினான். அடிபட்ட வீரனாக நடிக்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் வாளைக் கீழே போட்டுவிட்டு, "தம்பி, மெய்யாலுமா?" என்று கேட்டேன். பதில் வரும் வரை நகரவில்லை. "சும்மா ஆன்ட்டி" என்றான். அதற்குள் எதிரி எங்கள் கோட்டையைப் பிடித்துவிட்டான். கட்சிக்காரர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

இந்த ஆட்டங்களைப் பற்றி என் அபிப்பிராயம் இவ்வளவுதான்: நன்றாக நடியுங்கள், வெறியோடு ஆடுங்கள், ஆனால் நடுவில் ஒரு முறை ‘மெய்யாலுமா?’ என்று கேட்டுவிடுங்கள். சோப்பு கையில் கிடைத்ததும் ஜெயித்துவிட்டோம் என்று என் மச்சான் அங்கேயே நின்று குதித்திருக்கலாம். அவன் குதிக்காமல் ஓடியதால்தான் நான் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.