ஒரு நாள் பூங்கா

கோடை லீவு முழுக்க எங்கள் காலனியில் புகைந்துகொண்டிருந்த சண்டை, போன ஞாயிற்றுக்கிழமை வெடித்தேவிட்டது. எதற்குச் சண்டை? ஒரு குரோட்டன்ஸ் தொட்டிக்கு!

"என் தொட்டி ஓரம் உடைஞ்சிருக்காது. இது என்னோடது இல்லே" என்று பொருளாளர் வீட்டு அம்மாள் சொல்ல, "தோண்டி எடுக்கும்போது நீங்கதானே உடைச்சீங்க" என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்ல, தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் நலச் சங்கச் செயலாளர் வந்து, அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்ப்பதாக வாக்குக் கொடுத்தார்.

வாசலில் இருக்க வேண்டிய தொட்டியை எதற்குத் தோண்டி எடுக்க வேண்டும்? சொல்கிறேன். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

மண்ணூர்பேட்டைக்குப் பின்னால் எங்கள் காலனி. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஓர் அரசு ஆரம்பப் பள்ளி. அறை இரண்டு, வகுப்பு ஐந்து. இடமில்லாத பிள்ளைகளுக்கு வேப்பமரத்தடி. மழை வந்தால் லீவு. இதை எட்டாவது வரை உயர்த்தி, புதிதாக அறைகள் கட்டலாம் என்று ஏற்பாடானது. இடம்? எங்கள் காலனியின் பூங்கா.

பூங்கா என்றதும் கற்பனையை ஓடவிடாதீர்கள். மனை பிரித்தபோது வரைபடத்தில் பச்சை அடித்த இடம், அவ்வளவுதான். நான் குடிவந்த நாளாய் அங்கே முள்செடி, உடைந்த சிமென்ட் பைப், இரண்டு எருமை. குப்பை கொட்ட மட்டும் நம் ஜனங்கள் அந்தப் பக்கம் போவார்கள்.

ஆனால் பள்ளிக்கூடம் வருகிறது என்றதும்... அடடா, பூங்கா மேல் எத்தனை பாசம்! பஜ்ஜி, காபியோடு அவசரக் கூட்டம்.

"அந்தப் பசங்க நம்ம தெரு வழியாதான் வரும், போகும். சத்தம் தாங்காது. நாளைக்கு வீட்டை விக்கப் போனா எவன் வாங்குவான்?" என்றார் செயலாளர்.

"அஞ்சாவது முடிச்ச பிள்ளைங்க எங்கே சார் போகும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க மேடம். நீங்க பத்திரிகையில எழுதறவங்க... எல்லாத்துக்கும் இரக்கப்படுவீங்க."

அவர் பிள்ளைகள் இருவரும் வேனில் அண்ணா நகருக்குப் போய்ப் படிக்கிறார்கள். அவர் ஏன் கவலைப்படப் போகிறார்?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் புஷ்பாவின் மகள் செல்வி அப்போது ஐந்தாவது. அடுத்த பள்ளிக்கூடமோ தொழிற்சாலைகள் இருக்கும் எஸ்டேட் மெயின் ரோட்டைத் தாண்டி.

"பொட்டப் புள்ளம்மா. லாரி ஓடற ரோட்ல எப்டி தனியா உடறது? நான் நாலு ஊட்டு வேலைக்கு ஓடிகினு கீறேன். இங்கியே எட்டாவது வரிக்கும் வந்துட்சின்னா படிக்கும். இல்லாங்காட்டி நிறுத்திட வேண்டிதான்" என்றாள் புஷ்பா.

பூங்காவில் கட்டக்கூடாது என்று சங்கம் மனு அனுப்பியது. அந்த இடம் உண்மையிலேயே பூங்காவாகப் பயன்படுகிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. உடனே செயலாளரின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஆள் வைத்து முள்ளை வெட்டினார். வீட்டுக்கு இரண்டு தொட்டி என்று வாங்கி, கழுத்து வரை மண்ணில் புதைத்தார். டீக்கடையிலிருந்து பெஞ்ச் வந்தது. பூவரச மரத்தில் டயர் ஊஞ்சல் ஏறியது. ரிடையரான இரண்டு பேர் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வாக்கிங் போனார்கள்!

சரி, பூங்கா என்றால் குழந்தைகள் வேண்டாமா? காலனிக் குழந்தைகள் எல்லாம் கான்வென்ட்டில். செயலாளர் என்ன செய்தார் தெரியுமா? அதிகாரி வந்த அன்று, மதிய இடைவேளையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகளை — ஆமாம், சத்தம் தாங்காது என்றாரே, அதே பிள்ளைகளை — மிட்டாய் கொடுத்து அழைத்து வந்தார்!

பாவம், அதுகளுக்கு என்ன தெரியும்? செல்வி ஊஞ்சலை விட்டு இறங்கவேயில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அதிகாரியிடம் போய், "சார், ஏதாவது ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்க. தொட்டியோட வரும்" என்றேன்.

"நான் பாக்கறதைத்தாம்மா எழுத முடியும். குழந்தைங்க எவ்வளவு சந்தோஷமா விளையாடுது! இதைப் போய்க் கெடுக்கலாமா?" என்றவர், செயலாளர் நீட்டிய இளநீரை வாங்கிக் குடித்தார்.

முடிந்தது கதை. குழந்தைகள் விளையாடும் இடமாம்... அதனால் அங்கே குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டக்கூடாதாம்! ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் தொட்டிகளைத் தோண்டிக்கொண்டு ஆளாளுக்கு ஓடினார்கள். அந்த அவசரத்தில் மாறிப்போனதுதான் மேற்படி குரோட்டன்ஸ். எருமைகள் மறுநாளே திரும்பி வந்துவிட்டன.

நினைத்தால் வயிறு எரிகிறது. நாலு எழுத்துப் படித்ததால்தானே இவர்களுக்கு வேலை, ஸ்கூட்டர், கலர் டி.வி., இந்த மனை எல்லாம்? அதே நாலு எழுத்து புஷ்பாவின் பெண்ணுக்குக் கிடைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்தன. செல்வி போகவில்லை.

"செகரெட்டரி ஊட்ல பாத்திரம் கழுவ ஆள் கேட்டாங்கம்மா. சும்மா ஊட்ல குந்திகினு இருக்கறதுக்கு..." என்ற புஷ்பா, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சண்டை நடந்தபோது, செயலாளர் வீட்டு வாசலில் செல்விதான் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் வருகிறாள், போகிறாள்.

சத்தம் தாங்கவில்லை என்று இதுவரை ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை!