சரோஜா அக்கா குடித்த சூப்

அந்தச் சனிக்கிழமை தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து புக்கிட் பெருவாங் வீட்டுக்கு வந்தபோது எனக்கு நிற்கவே தெம்பில்லை. ஐஸ் பெட்டியில் முந்தின நாள் வாங்கிய ரோஸ்ட் கோழி பாதி மிச்சம் இருந்தது. சதையைப் பிய்த்து வைத்துவிட்டு, எலும்பை இஞ்சி, மிளகு, உருளைக்கிழங்கோடு கொதிக்கவிட்டுச் சூப் வைத்தேன். வீட்டில் நாங்கள் குடித்தது போக ஒரு கிண்ணம் மிஞ்சியது.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் கணவர் ஒரு வாரமாக மருத்துவமனையில் இருந்தார். அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"கோழி சூப்க்கா. உங்களுக்குன்னே வச்சேன், சூடா குடிங்க லா."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கிளம்பும்போதுதான் பெருமாள் படத்தில் புதுத் துளசி மாலையைக் கவனித்தேன். புரட்டாசிச் சனி! எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் அக்கா புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம் என்பது எனக்குத் தெரியும். களைப்பில் மறந்துவிட்டேன்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீயே நிக்க முடியாம நிக்கிற. எனக்குன்னு ஆக்கிக் கொண்டாந்தத எப்படி வேணாங்கிறது? பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போய்ப் படு."

அவருக்கென்று ஆக்கவில்லை என்பதை அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் புரட்டாசி வந்தால் இப்போது நானும் சைவம். என் பொய்க்காக அக்கா முறித்த விரதத்தை நான் கடைப்பிடித்துவருகிறேன்.