அவர் நெஞ்சுக்குள் லைட்டுப் போட்ட கதை

“ஏட்டி, எனக்கு வந்தது நெஞ்சுவலியா, கோயில் கொடையா? போன வாட்டி பலூன் விடணும்னே, சரின்னேன். இந்த வாட்டி லைட்டுப் போடணும்ங்கே. அடுத்த வாட்டி மைக் செட்டும் கட்டி, வில்லுப்பாட்டுக்கும் ஆள் சொல்லிருவியா?”

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்க்கும்படி என் வீட்டுக்காரர் போட்ட சத்தம் இது. தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருப்பவர். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை. ஆஸ்பத்திரி என்றும் பாராது, கோயில் என்றும் பாராது.

நோயாளியின் மனைவி என்பதும் ஒரு உத்தியோகம்தான். மனுப் போடாமலே கிடைக்கும். ராஜினாமா மட்டும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ‘அட்டெண்டர்’ என்று பெயர். பாஸைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, மூடிய கதவையே பார்த்து நின்றிருக்கிற சகோதரிகளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

உத்தரவாதம்

சண்டைக்குக் காரணம் இதுதான். முதல் தடவை இருதயக் குழாயில் அடைப்பு என்று பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். சில மாதத்திலேயே அதே இடம் மறுபடி அடைத்துக்கொண்டது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பலூன் விரியும்போது குழாயின் உள் சுவரில் காயம் படுமாம். காயம் பட்ட இடம் அழன்று, வீங்கி, தடித்துப்போய் வழியை மறிக்குமாம். இந்தத் தடவை பலூன் வைத்த கையோடு, மெல்லிய கம்பி வழியாகச் சிவப்பு லேசர் வெளிச்சத்தை உள்ளே காட்டிப் பார்க்கலாம் என்றார். “இது வெட்டுற லேசர் இல்லம்மா, எரிக்கவும் செய்யாது. அந்த அழற்சியைத் தணிக்கும்னு நம்புறோம். புதுசு. பலன் இனிமேதான் தெரியணும்.”

கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் அடித்துச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் அன்றைக்குத்தான் எனக்குச் சோறு போட்டது. டாக்டரைக் கேள்வியால் குடைந்தேன். கேட்கக் கேட்க, சம்மதிக்கலாம் என்று பட்டது. என் வீட்டுக்காரர் மாட்டேன் என்றார். நான் விடவில்லை. கையெழுத்துப் போடும் வரை அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. மறுபடி அடைத்தால் பழி என் தலையில்தான் என்று தெரியும். பழி கிடக்கட்டும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவர் போய்விட்டால் யாரோடு சண்டை போடுவது? பேனாவை மூடும்போது டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: “உத்தரவாதம் இல்லாத சரக்க நான் வாங்குததே இல்ல. இவ வாயிக்குப் பயந்துதான் போடுதேன்.”

எங்க சரக்கு இல்ல

எல்லாம் நல்லபடியாக முடிந்து, அவரை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தொடை வழியாகக் குழாயை விட்டதால் அந்த இடத்தில் அழுத்திக் கட்டி, மேலே மணல் மூட்டை வைத்து, காலை மடக்கக் கூடாது, கையை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஃபிளாஸ்க்கில் காப்பி வாங்கிவரக் கேண்டீனுக்குப் போனேன். திரும்பி வந்தால் வார்டே அல்லோலகல்லோலம். மணல் மூட்டை கீழே கிடக்கிறது, போர்வையெல்லாம் ரத்தம், நர்ஸ் தன் முழு எடையையும் போட்டு அவர் தொடையை அழுத்திக்கொண்டு நிற்கிறாள்.

வேறொன்றுமில்லை. மனுஷன் பிளாஸ்திரியை ஓரத்தில் உரித்து, உள்ளே இருந்த துணியை இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவு பார்த்திருக்கிறார். வேறு ஊர்க்காரனுக்கு இந்தப் புத்தி வருமா? நான் ஃபிளாஸ்க்கைப் போட்டுவிட்டு ஓடினேன். அவரோ மல்லாந்து படுத்தபடி, “சிஸ்டர், இழை தூரம் தூரமாக் கெடக்கு. இது எங்க சரக்கு இல்ல” என்கிறார்.

நர்ஸ் நாகர்கோவில்காரி. அழுத்தின கையை எடுக்காமலே சொன்னாள்: “ரத்தம் உங்க சரக்குதானே சார்? வாயை மூடிட்டுப் படுங்க.”

என் கல்யாணத்துக்கப்புறம் அவரை அப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வெளிப் பத்து

ஊருக்கு வந்ததும் விசாரிக்க வந்த கூட்டத்துக்குப் பதில் சொல்வதே ஒரு தனி டியூட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மதினி, அதாவது அவர் அக்கா, ‘அழற்சி’ என்றால் என்ன என்று கேட்டார். ரத்தக் குழாய் வீங்குவது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். சுருக்கமாகச் சொன்னதுதான் வினை. மறுநாள் காலை பஸ்ஸில் சட்டியோடு வந்து இறங்கிவிட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பத்து. சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் போடுவோமே, அதேதான்.

நான் அடுப்படியில் இருந்து வருவதற்குள் அவர் நெஞ்சு முழுக்கக் குங்குமச் சிவப்பில் பூசியாகிவிட்டது. அவரும் சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். “மதினி, வீக்கம் குழாய்க்குள்ள இருக்கு. தோலுக்கு மேல போட்டு என்ன செய்ய?” என்று கத்தினேன். மதினி விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஏட்டி, வெறும் வெளிச்சம் வீக்கத்த வத்த வைக்கும்னா நம்புத. எங்க அம்மா காலத்து மஞ்ச வத்த வைக்கும்னா மட்டும் இங்கிலீஷ்ல சிரிக்க.”

தேர்க்கடை வைத்தியம்

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். நடக்கச் சொல்லியிருந்தார்கள், அதனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரை நடத்தியே கூட்டிப்போனேன். அங்கே எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் என் தம்பி, தேர்க்கடையில் அப்போதுதான் வந்திறங்கிய லேசர் விளக்கு ஒன்றை வாங்கி வைத்திருந்தான். சாவிக்கொத்தில் தொங்குமே, பொத்தானை அமுக்கினால் தூரத்துச் சுவரில் சிவப்புப் பொட்டு விழுமே, அது. கடைக்குள் கூட்டிப்போய், அத்தான் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் அந்தப் பொட்டை வைத்தான். “அத்தான், இனி மெட்ராசுக்கு அலைய வேண்டாம். மாசம் ஒருக்க இங்கன வாங்க, நானே அடிச்சு விடுதேன்.”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, தன் நெஞ்சில் கிடந்த அந்தச் சிவப்புப் புள்ளியையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொறவு அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். வெளிச்சம் புறங்கைக்கு ஏறிவிட்டது.

“இம்புட்டு வெளிச்சத்துக்கா நான் அம்புட்டுச் சத்தம் போட்டேன்?”

திறந்திருக்கு

போன தடவை அடைத்துக்கொண்ட காலக்கெடு நெருங்க நெருங்க எனக்குத்தான் நெஞ்சு வலித்தது. அவர் ஏப்பம் விட்டால் பார்ப்பேன். மாடிப்படியில் நின்றால் பார்ப்பேன். தறிக்கூடத்துக்குச் சேத்தூரிலிருந்து வேலைக்கு வரும் பெண்களிடம் முதலாளி மூச்சு வாங்குகிறாரா என்று கண்காணிக்கச் சொல்லிவைத்திருந்தேன். “அவிய நல்லாத்தான் வையுதாவ, பயப்படாதிய” என்று அவர்கள் தகவல் தருவார்கள். வசவில் இருமல் இல்லை என்றால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரும்.

மறுபடியும் சென்னை. மறுபடியும் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். மறுபடியும் மூடிய கதவு. இந்தத் தடவை சாமிகளை மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். கான்வென்டில் மனப்பாடம் செய்த ஜெபம்கூட நடுவில் வந்து போனது. டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ரத்தம் தடங்கலில்லாமல், வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. லேசர்தான் காரணமா என்று கேட்டேன். எதற்கும் நேரடிப் பதில் வேண்டும் எனக்கு. இழுத்துப் பேசினால் பிடிக்காது. ஆனால் அவர் சொன்ன பதிலுக்கு அவர் காலில் விழாத குறைதான்.

“வெளிச்சமா, மருந்தா, நீங்க விரட்டி விரட்டி நடக்க வச்சதா, எனக்குச் சொல்லத் தெரியலம்மா. திறந்திருக்கு. அது மட்டும் தெரியுது.”

எதிர் சீட்டுக்காரர்

திரும்பி வரும் ரயிலில், விருதுநகர் தாண்டி விடிந்தபின், எதிர் சீட்டுக்காரர் “மெட்ராஸ்ல என்ன சோலி?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் நெஞ்சைத் தட்டிக் காட்டி முழுக்கதையும் சொன்னார். நான் தூங்குவதாக நினைப்பு. கடைசியில் குரலைத் தாழ்த்தினார். அந்தத் தொண்டைக்குத் தாழ்த்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“நான் வேண்டாம்னுதான் ஒத்தக்கால்ல நின்னேன். இவ விடல. விட்டிருந்தா இன்னைக்கு உங்ககிட்டப் பேசிட்டு இருக்க மாட்டேன்.”

நான் கண்ணைத் திறந்து, “அதையே இந்தப் பக்கம் திரும்பி ஒருக்கச் சொல்லுங்களேன்” என்றேன். அவர் அவசரமாக ஜன்னல் ஷட்டரைத் தூக்கி, வெளியே பருத்திக் காடு எப்படி இருக்கிறது என்று ஆராயத் தொடங்கினார்.

ரத்தக் குழாயைத் திறக்க எத்தனையோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள் சகோதரிகளே, பெண்டாட்டியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லப் புருஷன் வாயைத் திறக்க எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு வழி இல்லை.

“ஏங்க, ஒரே ஒரு தடவை?”